வடிவாய் ஒரு பதில்

கொக்குவில் கூட்டுறவுச் சங்கக்கடைத் தலைவர் அருளம்பலத்தார், மனேச்சர் வேலைக்கு உம்மைவிட ஆளில்லை, நீரே பாருமன் என்று கேட்டபோது பத்மாசினிக்குச் சந்தோசம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. பழைய மனேச்சர் கொழும்புக்குப் போய்விட்டார். பின்னேரம் கடை பூட்டுமுன் பதில் சொல்லவேண்டுமாம். இத்தனை வருசமாய் அதே கடையில் சீனி நிறுத்தும் எண்ணெய் அளந்தும் கொடுத்தவள், இன்றைக்குத்தானா இவர்கள் கண்ணில் பட்டாள்?

இதில் ஏதோ இருக்கிறது என்று அவள் மனம் முடிச்சுப் போட்டது. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத காலம். சனத்திடம் ஏச்சு வாங்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் தன்னைப் பிடிக்கிறார்கள். அவளுக்குத் தெரியாத புகழ்ச்சியா? உம்மடை கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராது என்று அண்ணி சொன்னால், அன்றைக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பொருள். புகழ்ந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு போனதில்லை.

முன்பு இவளைப் பெண் பார்க்க வந்த மனிசி ஒருத்தி மட்டும் புகழவில்லை. படலையைத் தாண்டுமுன்னமே, “பெட்டை வடிவில்லை” என்று சொல்லிவிட்டுப் போனாள். அது பத்மாசினியின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து, அழகைச் சொல்லும் அந்த வடிவு என்ற சொல்லை யார் எதற்குச் சொன்னாலும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

மத்தியானம் உள்ளறையில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வரிசையில் நின்ற பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பெர்னடெட்டின் குரல் தனியாய்க் கேட்டது. “பத்மாசினி அக்காவோ? உவ வடிவா…” மிச்சம் சிரிப்புக்குள் அமுங்கிப்போயிற்று.

பத்மாசினிக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. கடையே சிரிக்கிற மூஞ்சிக்கு மனேச்சர் வேலை ஒரு கேடா? இல்லை என்றே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். வழக்கமாய் இருந்தால் அதையும் விழுங்கிக்கொண்டு சாக்கை மடித்திருப்பாள். அன்றைக்கு என்ன வந்ததோ, விறுவிறென்று வெளியே வந்து, தன்ரை வடிவைப் பற்றி அப்படி என்ன கதை என்று பெர்னடெட்டிடமே கேட்டுவிட்டாள்.

பெர்னடெட் திகைத்துப்போனாள்.

“உங்கடை வடிவையோ? அதை ஆர் கதைச்சது, அக்கா? நீங்கள் வடிவாச் சொல்லுவியள் எண்டெல்லோ சொன்னனான். எண்ணெய் இல்லையெண்டால் இல்லையெண்டு எங்கடை முகத்தைப் பாத்துச் சொல்லுவியள். அந்த மனேச்சர் நாளைக்கு வாங்கோ எண்டு அனுப்புவார், நாளைக்குப் போனால் மேசைக்குக் கீழை ஒளிப்பார். அதுக்குத்தான் சிரிச்சவை.”

வடிவாய்ப் பார், வடிவாய்ச் சாப்பிடு, வடிவாய்ச் சொல்லு. ஊரே நாள்முழுக்கச் சொல்கிற சொல்தான். அதற்கு ஒழுங்காய், தெளிவாய் என்றும் பொருள் இருப்பதை ஊரிலே மறந்துபோனவள் இவள் ஒருத்தி.

ஆனாலும் சந்தேகம் விடுமா? பெர்னடெட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னட்டை ஏதும் வேணுமோ?”

“ஓம். சீனி வேணும். இருக்கோ?”

“இல்லை. முடிஞ்சுது. எப்ப வருமெண்டும் தெரியாது.”

“பாத்தியளே?” என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள் பெர்னடெட். வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தபடி போய்விட்டாள்.

பத்மாசினி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்ட சாமான் கிடைக்கவில்லை. சொன்ன சொல்லை அவள் திருப்பி எடுக்கவுமில்லை. இதில் என்ன சூது இருக்கமுடியும் என்று எவ்வளவு தேடியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

பின்னேரம் அருளம்பலத்தார் வந்தார். அவள் மடித்த சாக்கையே திரும்பத் திரும்ப மடிப்பதைக் கண்டு அவருக்குப் பொறுமை போயிற்று.

“ஓமோ, இல்லையோ? வடிவாச் சொல்லும், பிள்ளை.”

அந்தச் சொல் இந்தமுறை தைக்கவில்லை.

“ஓம், ஐயா. என்னாலை ஏலும்.”

அவர் திறப்புக் கோர்வையை நீட்டினார். ஒவ்வொரு திறப்பையும் பூட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பத்மாசினி கோர்வையை இடுப்பில் செருகினாள். சந்தேகம் ஒரே நாளில் போய்விடுமா என்ன.