வெண்கலக் கிண்ணத்துக் கறுப்பு

என் கணவர் கஸ்தூரிரங்கன் ஈக்காட்டுத்தாங்கலில் வெண்கல வால்வு வார்க்கும் பட்டறை நடத்தி ஓய்ந்த இன்ஜினியர். செம்போடு எவ்வளவு வெள்ளீயம் சேர்த்தால் என்ன நிறம் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த மனுஷன்தான் அடையாறில் ஏதோ ஓர் ஆயுர்வேத நிலையத்துக்குப் போய், உள்ளங்காலில் நெய் தடவி வெண்கலக் கிண்ணத்தால் தேய்க்கச் சொல்லி, நெய் கறுத்ததும் தன் சர்க்கரை வியாதி இறங்குகிறது என்று நம்பினார். படித்த படிப்பைத் தெப்பக்குளத்தில்தான் போட வேண்டும்.

மாத்திரையை நிறுத்தினார். இன்சுலினை நிறுத்தினார். கறுப்பைக் கழுவினால் இறங்கின விஷம் திரும்ப ஏறிவிடுமாம். அதனால் எந்நேரமும் சாக்ஸ், குளிக்கும்போது காலுக்கு பிளாஸ்டிக் பை.

"முள் குத்தினாக்கூடத் தெரியாத கால். தினமும் கண்ணால பார்த்துக்கோங்கோன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்றேன். காதில் வாங்கினால்தானே.

ஆத்துக்கும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் எதிரிலேயே ஒரு வாழைக்காய்க்கு நெய் தடவித் தேய்த்தேன். கன்னங்கரேலென்று ஆயிற்று.

"ஏன்னா, வாழைக்காய்க்குமா சர்க்கரை வியாதி?"

"பூச்சிமருந்து அடிச்ச காய், ஹம்சா. அந்த விஷம் இறங்கறது" என்றார், கொஞ்சமும் சளைக்காமல். "அதைத் தனியா எடுத்து வை. இன்னிக்கு அதையே கறி பண்ணிடு."

பண்ணிப் போட்டேன். ரொம்ப சுத்தமான காய் என்று ரசித்துச் சாப்பிட்டார். இந்த அசட்டோடு இனி வாதாடுவதில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் அவரைக் குளிர்ஜுரம் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வஜீஹா சாக்ஸைக் கழற்றிவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"என்ன சார் இது, ரோடு போடற தாரா?"

"உள்ளேர்ந்து இறங்கின விஷம்மா" என்றார் இவர், அந்த ஜுரத்திலும் பெருமையாக.

டாக்டர் பஞ்சை மருந்தில் நனைத்துத் துடைத்தார். குதிகால் வெளுத்தது. உள்ளங்கால் வெளுத்தது. கட்டைவிரல் மட்டும் கறுப்பாகவே இருந்தது. வேறு பஞ்சு எடுத்து மறுபடி துடைத்தார். விரல் வெளுக்கவில்லை.

இவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நன்னா அழுத்தித் துடைம்மா. எனக்கு வலிக்கவே இல்லை."

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.