ஹெரால்டு எந்த வழியாகப் போகும்?

“ஏனுங்க, இதைச் செஞ்சு முடிச்சப்பறம் எந்த வழியா வெளிய கொண்டு போவீங்கோ? அதச் சொல்லுங்க மொதல்ல!”

“அம்மணி, வெல்டிங் நடக்குதுங்க. தள்ளி நில்லுங்க, பொறி பட்டுரும்.”

“பட்டாப் படட்டும். என்ற பாத்தி மேல ஒத்தச் சக்கரம் உருண்டுச்சுன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்!”

“உங்க பாத்திய யாருங்க கேட்டாங்க?”

“கேட்டிருந்தாத்தான் பரவாயில்லீங்களே! கேக்காம இருக்கீங்களே, அதுதானுங்க எனக்குப் பயம்!”

மேல்வீட்டுக் காளியம்மாளும் அடிவீட்டுக் கருணாகரனும்தான். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் சண்டை போட்டால் இப்படித்தான். குரல் கூரையைத் தொடும், ‘ங்க’ மட்டும் ஒருநாளும் தவறாது. சத்தம் கேட்டு நான் ஜன்னலுக்கு ஓடி வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தேன்.

குன்னூரில் எங்கள் சந்துக்கு வண்டி வராது. மேலே ரோடு, அங்கிருந்து கீழே படிகள். கேஸ் சிலிண்டரோ பீரோவோ எதுவானாலும் ஆள் தோளில்தான் இறங்கும். படியின் தொடக்கத்தில் காளியம்மாள் வீடு, நடுவில் எங்கள் வீடு, அடியில் கருணாகரன் வீடு. படிக்குப் பக்கவாட்டில் ரோட்டிலிருந்து கீழே வரை சரிந்து வருவது காளியம்மாளின் கோஸ் பாத்தி. இந்தச் சந்துக்குள் என்றாவது ஒரு சக்கரம் வரவேண்டும் என்றால் அந்தப் பாத்தி வழியாகத்தான் வந்தாக வேண்டும். அப்படியிருக்க, அடிவீட்டில் உட்கார்ந்து ஒருவர் கார் செய்தால் மேல்வீட்டுக்காரிக்குத் தூக்கம் வருமா?

கருணாகரன் சேரம்பாடிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். அங்கே பங்களா ஷெட்டில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று கிடந்தது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததாம். ரிட்டயரானதும் அதை இரும்பு விலைக்கு வாங்கிவந்தார். ஹெரால்டின் உடம்பு முன்பாதி, பின்பாதி, பானெட் என்று போல்ட்டைக் கழற்றினால் தனித்தனியாக வந்துவிடும். அடியில் இருக்கும் சேசிஸ் வேறு. எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சுமந்து படியிறக்கினார்கள். பழைய இரும்பு வியாபாரம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பஜாரில் இரும்பு கேட் செய்யும் ஜாகீர் வெல்டிங் மெஷினோடு வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

அதன்பின் ஆளுக்கொரு கதை. மனைவி இந்துவோடு பேச்சுவார்த்தை இல்லாததால்தான் மனிதர் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கிறார் என்பது என் கருத்து. சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறார் என்றார் என் வீட்டுக்காரர். காளியம்மாளின் சந்தேகம்தான் எங்கள் எல்லோருடையதையும்விட உறுதியாக இருந்தது.

“காரு ஒரு சாக்கு அக்கா. இவுருக்கு வேண்டியது வழித்தடம்” என்று என்னிடம் சொன்னார். “எங்கப்பன் தோட்டத்துல பக்கத்துக்காரன் ஒருக்கா வைக்கோல் வண்டி ஓட்டிக்கறேன்னான். ஒருக்காத்தானேன்னு உட்டாரு. அப்பறம் ட்ராக்டரு. அப்பறம் செங்கல் லோடு. கடைசில அளக்க வந்தவங்க, இது பாதையில்லைங்களான்னு எங்கப்பனையே கேட்டாங்க. பாதித் தோட்டம் போச்சு.”

காளியம்மாளுக்குக் கணவர் இல்லை. அந்தப் பாத்தியும் வீடும்தான் சொத்து. மகள் கனிஷ்காவின் கல்யாணத்துக்கு அதை நம்பித்தான் இருந்தார். அதனால் கருணாகரன் வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் பாத்தியை ஒட்டிய மதில் மேல் அவர் தலை தெரியும்.

சத்தத்துக்கும் குறைவில்லை. அடித்தகடு காய்ந்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ஜாகீர் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தான். எங்கள் ஊர் மூட்டத்தில் பளபளப்பாகத் தேய்த்துவைத்த இரும்பு காலையில் செம்மண் நிறத்தில் இருக்கும். அதற்காகக் கருணாகரன் இந்துவின் தேங்காய் எண்ணெயை எடுத்துச் சாயங்காலம்தோறும் சேசிஸுக்குப் பூசினார். மறுநாள் வெல்டிங் வைத்தால் சந்து முழுக்க வறுவல் வாசனை. ‘என்ன, நேந்திரங்காயா?’ என்று ஒருநாள் நானே இந்துவிடம் கேட்டு அசடு வழிந்தேன். “எனக்குத் தலைக்கு எண்ணெய் இல்லீங்க, அந்தச் சனியன் மட்டும் மினுமினுன்னு கெடக்குது” என்றாள். பேச்சுவார்த்தை இல்லை என்ற என் கருத்து அன்று இன்னும் உறுதிப்பட்டது.

ஒருவழியாக எல்லாம் பூட்டி, வண்டி நான்கு சக்கரத்தில் நின்றது. முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் குறுக்கே பட்டை ஸ்பிரிங், எல்லாம் புதிது. அப்போதுதான் ஜாகீர் சந்தில் ஆள் கேட்டு வந்தான்.

“அக்கா, கொஞ்ச நேரம் வண்டில உக்காரணும். ஸ்பிரிங் கோக்கற எடத்துல ரப்பர் புஷ் இருக்கு. ஜாக்கில தூக்கி வச்சு முறுக்குனா, வண்டி எறங்குனதும் ரப்பர் திருகி கிழிஞ்சிரும். ஆள் பாரம் இருக்கறப்பத்தான் போல்ட்டு முறுக்கணும்.”

‘பாரம்’ என்று என்னைப் பார்த்துச் சொன்னதை நான் பெரிதுபடுத்தவில்லை. நானும் இந்துவும் பின்னால் பலகை மேல் உட்கார்ந்தோம். ஸ்டியரிங் முன்னால் கருணாகரன். இன்னும் ஓர் ஆள் குறைந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த தலை இறங்கி வந்தது.

“பெட்ரோல் ஊத்தியிருக்கீங்களா?” என்றார் காளியம்மாள்.

“இல்லீங்க.”

குனிந்து சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நின்று கனிஷ்கா செல்போனில் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி முனகிக்கொண்டே தணிந்தது. ஜாகீர் அடியில் நுழைந்தான்.

“இப்பச் சொல்லுங்க. எந்த வழி?”

கருணாகரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்தார். எதிரே அவர் வீட்டுச் சுவர்.

“வந்த மாதிரியே கழட்டிக் கொண்டு போயிருவேனுங்க.”

“பாடிய ரெண்டாக் கழட்ட வராது சார்” என்று குரல் காலுக்கடியிலிருந்து வந்தது. “முன்னயும் பின்னயும் சேத்துப் பத்தவச்சுட்டேன்ல.”

கருணாகரன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கீழே குனிந்தார்.

“எதுக்குடா பத்தவச்சே?”

“போல்ட்டு ஓட்டையெல்லாம் துருவுல போச்சு சார். இடுக்குல தண்ணி எறங்கும்னேன். நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

காளியம்மாள் கதவைத் திறந்தார்.

“எறங்காதீங்கக்கா! பாதிதான் முறுக்கிருக்கேன்!”

கதவை மறுபடி சாத்தினார். “சரி, இருக்கறேன். சொல்லுங்க சாரு. சொல்லாம இந்த வண்டியவிட்டு நீங்களும் எறங்க முடியாதில்லீங்க?”

இந்து பின்னாலிருந்து, “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?” என்றாள். பேச்சுவார்த்தை இருந்திருக்கிறது.

“ஒருக்கா…” என்றார் கருணாகரன். “ஒரே ஒருக்கா பாத்தி மேல உருட்டி ரோட்டுக்கு ஏத்திக்கலாம்னு நெனச்சேனுங்க. வண்டி பளபளன்னு நின்னா உங்களுக்கே மனசு எரங்கும்னு. வேற கெட்ட எண்ணம் இல்லீங்க.”

“அந்த வைக்கோல் வண்டிக்காரனுக்கும் கெட்ட எண்ணம் இல்லீங்க” என்றார் காளியம்மாள். “நல்லவன். எங்கப்பன் செத்ததுக்கு அழுதான்.”

அடியில் ஜாகீர் ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சுவரைப் பார்த்த இருவரையும் நான் பின்னாலிருந்து மாறி மாறிப் பார்த்தேன். கருணாகரனின் காது சிவந்திருந்தது. துரு தேய்த்த தூசியில் விரல் நகமெல்லாம் கறுத்துப்போயிருந்த அந்தக் கைகளைக் காளியம்மாளும் பார்த்தார்.

கடைசியில் அவரே சொன்னார். “தோள்ல தூக்கிட்டுப் போங்க. படி திரும்பற எடத்துல பாடி இடிக்கும். அங்க என்ற பாத்தில ஆள் எறங்கிக்கட்டும். ஆனாச் சக்கரத்தக் கழட்டிப்போடோணும். என்ற மண்ணுல சக்கரம் படக்கூடாது, மேல தொங்கிட்டுக்கூடப் போகக்கூடாது.”

“தொங்கறதுல என்னம்மா?” என்றாள் கனிஷ்கா.

“நீ படத்தப் புடி.”

அப்படியே நடந்தது. மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்குகிறவர்களை அழைத்துவந்தார்கள். சேசிஸ் தனியாக, எஞ்சின் தனியாக, ஒட்டிப்போன பாடி தனியாக. பாடி திரும்பும்போது ஒரு கூட்டமே பாத்திக்குள் இறங்கி, கோஸ் எல்லாம் கூட்டாகிவிட்டது. காளியம்மாள் முகம் சுளிக்கவில்லை. நான்கு சக்கரங்களையும் யாரிடமும் தராமல், குடம் மாதிரி இடுப்பில் வைத்து ஒவ்வொன்றாக அவரே படியேற்றினார். ஆள் நடந்தாலும் தடம் விழும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. எனக்கெதற்கு?

ரோட்டோரத்தில் மறுபடி பூட்டி, மறுபடி நாங்கள் பாரமாக உட்கார்ந்து, போல்ட்டு முறுக்கி, ஹெரால்டு ஓடியது. சந்தன நிறத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஜாகீர் தானாகப் பற்றவைத்தானா, கருணாகரன் சொல்லிப் பற்றவைத்தானா என்பது மட்டும் எங்கள் சந்தில் இன்றும் தீராத விவகாரம். ‘சொல்லித்தான்’ என்பது என் கட்சி. ‘பாவம், அவருக்கு அவ்வளவு சூது வராது’ என்று எதிர்க்கட்சியில் இருப்பவர், நம்பினால் நம்புங்கள், காளியம்மாள்.

ரோட்டோரம் நிறுத்திய வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தக் கருணாகரன் வேளைக்கொரு தடவை படியேறினார். மழைக்காலம் வந்ததும் மூட்டு வலியும் வந்தது. வண்டிக்குக் கூரையுள்ள வீடாகப் பார்த்து, இந்துவும் அவரும் அருவங்காட்டுக்குக் குடிபோனார்கள். ஜாகீர் ஊட்டியில் நாஜ்னீனைக் கட்டிக்கொண்டு கடையை அங்கேயே மாற்றிவிட்டான். அடிவீட்டைக் காளியம்மாளே பாத்தியின் மேல்பாதியை விற்று வாங்கினார். அதை வாடகைக்கு விட்டு வந்த பணத்தையும் சேர்த்து, இந்தத் தையில் கனிஷ்காவுக்கும் கூடலூர் சுஜித்துக்கும் கல்யாணம் நடந்தது. அவள் இப்போது கூடலூரில் இருக்கிறாள்.