படத்தில் வெட்டுப்பட்ட பக்கம்

சோதிலிங்கத்தை ஜெர்மனியைவிட்டுத் துரத்துவதற்கு அரபுக் குதிரைகளும் முத்துச்சிப்பிகளும் சாட்சிக்கு வந்திருந்தன. பகிடி இல்லை. 1986ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஹம்பேர்க் அகதிகள் விடுதியின் பொதுக் குசினியில், கமலநாயகி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோரின் கடிதத்தை வாசித்தபோது அப்படித்தான் எழுதியிருந்தது. விடுதியில் யாருக்கு ஜெர்மன்காரரின் டொச்சு மொழியில் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் போகும். எண்பத்து மூன்றிலேயே புருஷனோடு வந்து சேர்ந்தவள். பாஷையைப் பிடித்துவிட்டாள், பயத்தை விட்டுவிட்டாள்.

"தம்பி, உன்ரை அகதி விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டாங்கள்," என்றாள்.

சோதிலிங்கம் கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றான். நாற்பது வயது ஆள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். "ஏனாம்?"

"யாழ்ப்பாணத்திலை உனக்கு ஆபத்து எண்டதை ஒத்துக்கொள்ளினம். ஆனால் நீ ஏழு வருஷம் வளைகுடாவிலை வேலை செய்தனியாம். அங்கை திரும்பிப் போய்ப் பத்திரமாய் இருக்கலாமாம். அந்தக் கரைக்கும் உங்கடை சனத்துக்கும் இரண்டாயிரம் வருஷப் பழக்கமாம்."

"ஆர் சொன்னது?"

"பான் நகரத்திலை இருக்கிற ஒரு சரித்திரக் கலாநிதி சுந்தரராஜனாம். மதராஸ் ஆள். கந்தோருக்கு நிபுணர் அறிக்கை எழுதிக் குடுத்திருக்கிறார். இருபத்தொரு பக்கம்."

அந்த இருபத்தொரு பக்கத்தையும் அக்கா விடாமல் படித்துக் காட்டினாள். பழைய காலத்தில் மலபார்த் தேக்கு அங்கே போய்க் கப்பலானது, குதிரை இங்கே வந்தது, மன்னார்க் கடலில் முத்துக் குளிக்க அந்தக் கரையிலிருந்து ஆட்கள் வந்து போனார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார் மனுஷன். அதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தார் பாருங்கள், அதுதான் சோதிலிங்கத்தின் கழுத்துக்குக் கயிறு. "இம்மக்கள் வளைகுடாக் கரைகளில் தம்மை அன்னியராக ஒருபோதும் உணர்ந்ததில்லை, இன்றும் அவ்வாறே."

இன்றும் அவ்வாறேயாம். தகரக் கொட்டிலில் பதினாலு பேர் நெருக்கியடித்துக் கிடந்தவனிடம் சொல்லவேண்டிய கதை. சோதிலிங்கம் வளைகுடாவின் ஒரு துறைமுகப் பட்டினத்தில் மரக்கலங்களுக்கு மூட்டை ஏற்றி இறக்கினவன். பேரீச்சம்பழம், அரிசி, சீமெந்து, எல்லாம் அவன் முதுகில்தான் ஏறிப் போயின. இரண்டாயிரம் வருஷத் தொடர்பை ஏழு வருஷம் தோளில் சுமந்தவன் என்றால் அது அவன்தான். வேலைக்குப் போன அன்றே முதலாளி கடவுச்சீட்டை வாங்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். மரக்கலத்துக்கும் துறைமுக மேடைக்கும் நடுவில் இடது கைச் சின்னவிரல் நசுங்கிப் பாதி போனபோது, துணியைச் சுற்றிக்கொண்டு மற்றக் கையால் தூக்கச் சொன்னான். எண்பத்திரண்டாம் ஆண்டு மார்கழியில் முதலாளி வியாபாரத்தை விற்றான். வாங்கினவனுக்கு மூட்டை தூக்கின இந்த ஏழு பேரும் வேண்டாம். பொலிஸ் வந்து ஏழு பேரையும் மேடையில் குந்தவைத்து, அன்றைக்கே கொழும்புக்கு விமானம் ஏற்றியது. திரும்பி வரக்கூடாது என்று கடவுச்சீட்டில் முத்திரையும் குத்தியது.

"அக்கா, அந்த முத்திரையைக் காட்டினால் காணுமே, வேறை என்ன வேணும்," என்றான் சோதிலிங்கம்.

"காணும். கடவுச்சீட்டு எங்கை?"

அவன் வெங்காயத்தைப் பார்த்தான். கடவுச்சீட்டு எங்கே இருக்கும்? எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினுக்கு வந்த விமானத்தின் கக்கூசுக்குள் போயிருக்கும். இறங்கமுன் கிழித்துப் போட்டுவிட வேண்டும், கையில் இருந்தால் அதைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள் என்று ஆளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எங்கள் சனம் வேறு யார் சொன்னதையும் கேட்காது, ஏஜென்சிக்காரன் சொன்னால் வேதவாக்கு. சோதிலிங்கம் ஒவ்வொரு தாளாகக் கிழித்தான், அந்த முத்திரை குத்திய தாளைத் தனியாக நாலாகக் கிழித்தான். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே தாளைத் தன் கையாலேயே தண்ணீர் இழுத்துவிட்ட விசரன் அவன்.

"வழக்குப் போடலாம்," என்றாள் அக்கா. "நீதிமன்றத்திலை ஐந்து கிழமையிலை டெர்மின், அதுதான் விசாரணை நாள், கிடைக்கும். ஆனால் அங்கை போகேலாது எண்டதுக்கு அத்தாட்சி வேணும். இல்லாட்டிப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்."

பெட்டியைக் கட்டினால் எங்கே போவது? வளைகுடா உள்ளே விடாது. அப்போது விமானம் கொழும்பில்தான் இறங்கும்.

மூன்றாம் கிழமை அக்கா ஒரு துண்டுப்பிரசுரத்தோடு வந்தாள். அந்தச் சுந்தரராஜனே ஹம்பேர்க்குக்கு வருகிறார். பிரதான ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், 'கடல் மறக்காத உறவுகள்' என்று பேச்சு. இதே தலைப்பில் புத்தகமும் போட்டிருக்கிறாராம்.

"நேரிலை போய்க் கேப்பம்," என்றாள். "ஒரு வரி மாத்தி எழுதித் தந்தால் உவருக்கு என்ன குறைஞ்சு போகும்?"

சோதிலிங்கம் விடுதியில் இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். கை நீளம் போதாமல் மணிக்கட்டு வெளியே தெரிந்தது. மண்டபத்தில் ஐம்பது அறுபது டொச்சுக்காரர், பெரும்பாலும் வயது போனவர்கள். முன்வரிசையில் பூச்செண்டு கொடுத்து ஒரு கிழவரை இருத்தியிருந்தார்கள். பழைய கப்பல் எஞ்சினியர், பெயர் பேற்றர்சன், வளைகுடாப் படங்களை இலவசமாகத் தந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். சுந்தரராஜன் நல்ல உயரம், வெல்வெட் கோட்டு, கழுத்தில் பட்டுத்துண்டு. பேசத் தொடங்கமுன் தண்ணீர்க் கிளாஸை இரண்டு தரம் இடம் மாற்றி வைத்தார். எடுப்பு என்றால் அப்படியொரு எடுப்பு.

பேச்சு டொச்சில் ஓடியது. அக்கா காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். சுவரில் ஒவ்வொரு படமாக விழுந்தது. பழங்காசு, சீனக் கோப்பையின் உடைசல், மரக்கலத்தின் பாய். சீனாவிலிருந்து ஸான்ஸிபார் வரைக்கும் வளைகுடாதான் உலகத்தின் முற்றமாம், அங்கே யாரும் யாரையும் வெளியே போ என்று சொன்னதே இல்லையாம். கிழவிகள் தலையாட்டினார்கள். இவருக்கு அந்தக் கரையில் ஒருநாள் மூட்டை தூக்கக் கொடுக்கவேண்டும் என்று சோதிலிங்கம் நினைத்தான்.

பிறகு அந்தப் படம் வந்தது.

படத்தில், ஒரு துறைமுக மேடையில் ஆறேழு பேர் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே கோத்திருக்கிறார்கள். பின்னால் மரக்கலம், மேலே வெயில்.

"வேலை முடிந்து இளவெயிலில் ஓய்வெடுக்கும் ஆசியக் கடலோடிகள், 1982 மார்கழி," என்று அக்கா மொழிபெயர்த்தாள். "அவர்களின் உடலில் தெரியும் நிம்மதியைப் பாருங்கள் எண்டு சொல்லுறார்."

அறிக்கையிலும் இந்தப் படம் இருந்தது. ஆனால் பிரதி எடுத்ததில் கரிக்கட்டையாக இருந்தபடியால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இப்போது சுவரளவு பெரிதாக, நிறத்தோடு நின்றது. இடமிருந்து மூன்றாவது ஆளின் தலைமேல் கோத்த கையில் சின்னவிரல் பாதிதான் இருந்தது.

 சோதிலிங்கத்துக்கு வந்தது கோபம்தான். எழுந்து நடுவழியால் நடந்து முன்னுக்குப் போனான். அவனுடைய நிழல் படத்தின்மேல் விழுந்ததும் சனம் முணுமுணுத்தது.

"ஐயா, உதைக் கொஞ்சம் மாத்தாமல் விடுங்கோ," என்றான் தமிழில்.

"கேள்வியெல்லாம் கடைசில சார். ப்ளீஸ் ஸிட் டவுன்," என்றார் சுந்தரராஜன், சிரிப்பை விடாமல்.

"கேள்வி இல்லை. உந்த மூண்டாவது ஆள் நான்." இடது கையைத் தூக்கி விரித்து, சுவரில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தான். "நாங்கள் ஓய்வெடுக்கேல்லை. பொலிஸ் கையைத் தலையிலை வைக்கச் சொல்லிக் குந்த வைச்சது."

அக்கா பின்வரிசையில் எழுந்து நின்று, அதை அப்படியே டொச்சில் சொன்னாள். கூப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவளாகவே செய்தாள், மண்டபத்தின் கடைசிக் கதிரைக்கும் கேட்கிற மாதிரி.

சுந்தரராஜன் தண்ணீர் குடித்தார். "பாருங்க, துறைமுகத்துல விரல் போறது ரொம்ப காமன். படத்துல போலீஸ் எங்கே? சரித்திரம்னா எவிடன்ஸ் வேணும் சார், எமோஷன் இல்ல."

டொச்சுக்காரருக்கும் அதைச் சொன்னார். பலரும் தலையாட்டினார்கள். கோட்டுக் கை நீளம் போதாத ஒருத்தனுக்கும் வெல்வெட் கோட்டுக்கும் நடுவில் யாரை நம்புவது என்பதில் அவர்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

அப்போது முன்வரிசைக் கிழவர் பேற்றர்சன் பூச்செண்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். இருந்த இடத்திலிருந்தே ஏதோ சொன்னார். சத்தம் பெரிதில்லை. ஆனால் சுந்தரராஜனின் சிரிப்பு அதோடு நின்றது.

"என்ன சொல்லுறார்?" என்று சோதிலிங்கம் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"பொலிஸ் நிண்டதாம்," என்றாள் அக்கா. "வலது பக்கத்திலை ரெண்டு பேர். ஒருத்தன் கையிலை கடவுச்சீட்டுப் போட்ட சாக்கு. இவர் எடுத்த படத்திலை அவங்களும் இருக்கினமாம். கலாநிதிதான் அந்தப் பக்கத்தை வெட்டச் சொன்னவராம். பாரம்பரிய அழகைக் கெடுக்குது எண்டு."

 "அது காம்போஸிஷனுக்காக," என்று தமிழில் தொடங்கிய சுந்தரராஜன், பிறகு டொச்சுக்கு மாறினார். எந்தப் பாஷையிலும் அது எடுபடவில்லை.

மூலப் படம் பேற்றர்சன் வீட்டில் இருந்தது. மறுநாளே அக்காவும் சோதிலிங்கமும் எஸ்-பான் ரயிலில் போய் வாங்கிவந்தார்கள். தேதியும் பட்டினமும் கிழவரின் கையெழுத்தில் இருந்தன. வெட்டுப்பட்ட பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர், சாக்கு, சாக்கின் வாயில் கடவுச்சீட்டுகள். கிழவர் சாட்சிக்கும் வருவதாகச் சொன்னார். அன்றைக்கே அதைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருக்க வேணும், படம் எடுத்துப்போட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன் என்று தேத்தண்ணி ஊற்றும்போது இரண்டு தரம் சொன்னார். படித்த மனுஷனுக்கு வராத வெட்கம் எஞ்சின் ஓட்டினவனுக்கு வந்திருந்தது.

வழக்கு நாள் நீதிபதி அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். சோதிலிங்கத்தைக் கூப்பிட்டுக் கையைத் தலையில் வைக்கச் சொன்னார். நாலு வருஷத்துக்குப் பிறகு, இன்னொரு நாட்டில், இன்னொரு அரசாங்கத்துக்கு முன்னால், அவன் மறுபடியும் கையைத் தலைமேல் கோத்தான். அவமானமாகத்தான் இருந்தது. நீதிபதி விரலையும் படத்தையும் ஒப்பிட்டுவிட்டு, "போதும், இருங்கள்," என்றார். நிபுணர் என்ற முறையில் சுந்தரராஜனையும் விசாரித்தார்கள். வளைகுடாவில் நீங்கள் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று நீதிபதி கேட்டதற்கு, பம்பாய்க்குப் போகும் வழியில் விமானநிலையத்தில் மூன்று மணித்தியாலம் என்றார். தீர்ப்பு பின்னேரமே வந்தது. வளைகுடா இந்த ஆளை வெளியேற்றிவிட்டது, அங்கே அனுப்பலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை, விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளவேண்டும்.

வெளி நடையில் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சோதிலிங்கத்துக்கு அழுகை வந்தது, அழுதான். அந்த நேரம் பார்த்துத்தான் சுந்தரராஜன் பேனையோடும் குறிப்புப் புத்தகத்தோடும் கிட்ட வந்தார்.

"மிஸ்டர் சோதிலிங்கம், நோ ஹார்ட் ஃபீலிங்ஸ். புக் ரெண்டாவது எடிஷன் வருது. படத்துக்குக் கீழ கரெக்டா போட்டுடலாம்னு பார்க்கறேன். மத்தவங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்கா? உங்க பக்கத்துல, நாலாவது ஆள்?"

சோதிலிங்கம் முகத்தைத் துடைத்தான். "தங்கராசா. பருத்தித்துறைப் பெடியன். ஏழு பேரையும் கொழும்பிலை இறக்கினவங்கள். நான் ஊருக்குப் போனனான். அவன் வெறுங்கையோடை தாயின்ரை முகத்திலை முழிக்க வெக்கப்பட்டு, கொழும்பிலையே ஒரு கடையிலை நிண்டிட்டான். எண்பத்து மூண்டு ஆடிக் கலவரத்திலை அந்தக் கடையைக் கொளுத்தினவங்கள். ஆளை உள்ளை விட்டுக் கொளுத்தினவங்கள்."

"ஐ ஸீ. வெரி ஸேட்." பேனை 'தங்கராசா' என்று எழுதி, முன்னால் கொஞ்சம் இடம் விட்டு நின்றது. "இனிஷியல் என்ன?"

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சோதிலிங்கம் கையைக் காட்டி நிறுத்தினான். குரலை உயர்த்தவில்லை.

"சாம்பலிலை ஆர் ஆர் எண்டு தெரியேல்லை. அதாலை தாய் இன்னும் நம்பேல்லை. மகன் திரும்பவும் வளைகுடாவுக்குப் போயிட்டான், அங்கை பழகின சனம், பத்திரமாய் இருப்பான் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா. ஐயா, அங்கை திரும்பிப் போகலாம் எண்டு சொன்ன ஆக்கள் இந்த உலகத்திலை எனக்குத் தெரிய ரெண்டு பேர்தான், அவவும் நீங்களும். அவ பெத்தவ, வேறை வழியில்லாமல் நம்புறா. நீங்கள் படிச்சனீங்கள்."