வில்லனுக்கு ஒரு முகம்

திரையில் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு வில்லன் மேசைமேல் விழுந்தபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

"இன்னிக்கும் அவர் மூஞ்சிதானா?" என்றாள் அண்ணி.

"வேற யாரு? மீசைய மட்டும் மாத்திக்கணும்."

"பாவம்டி அந்த நடிகன். பொழப்புக்கு நடிக்க வந்தவன நீ நெஜமாவே கொன்னுடுவ போலிருக்கே."

'அவர்' என்பவர் எங்கள் மேற்பார்வையாளர்; எந்த வில்லன் வந்தாலும் அவர் முகத்தைத்தான் ஒட்டிப் பார்ப்பேன். அண்ணியும் நானும் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். வியாழன் விடுமுறை. மதியக் காட்சிக்குப் போவோம், அடிதடிப் படம் மட்டும். கீழ்வீட்டு டீச்சர் ஒருமுறை, "சமூகத்துக்கு ஏதாவது சொல்ற படமா பாக்கக் கூடாதா?" என்று கேட்டார். "ஆறு நாளும் ரத்தம் ஊறின துணிய உதறிட்டு வர்றேன் டீச்சர். சமூகம் எங்கிட்ட நிறையவே சொல்லிடுது," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காரணத்தை முறையாகச் சொல்லிவிடுகிறேன். விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளைக்கு முன்னால், கை உள்ளே போகாதபடி ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. அது இருந்தால் துணி மெதுவாகத்தான் நகரும். அதனால் மேற்பார்வையாளரே அதைக் கழற்றி அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் மாட்டுவோம். போன வருடம் என் வலது கையில் இரண்டு விரல்கள் அந்த உருளையோடு போயின. அறிக்கையில் அவர் எழுதியது ஒரே சொல்: கவனக்குறைவு. அந்தச் சொல்லுக்காகத்தான் வாரம் தவறாமல் அவரை மாடியிலிருந்து தள்ளினேன், லாரியில் கட்டி இழுத்தேன்.

திங்கட்கிழமை கூப்பிட்டார். "உனக்குப் படம்னா உசிராமே? பாதுகாப்பு பத்தி நம்மளே ஒண்ணு எடுத்திருக்கோம். நல்ல கருத்துள்ள படம். நாளைக்கு முதலாளி வர்றார். முடிஞ்சதும் நீ எந்திரிச்சு இதைப் படிக்கணும்."

தாளில் இரண்டே வரிகள். 'என் கவனக்குறைவால் விரல்களை இழந்தேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.'

"படிச்சா மடிப்பு மேசைக்கு மாத்திடறேன், உக்காந்து பாக்கற வேலை. இல்லன்னா, இந்தக் கைய வச்சுக்கிட்டு உனக்கு இங்க என்ன வேலைன்னு நான் யோசிக்கணும்."

மறுநாள் உணவுக்கூடத்துச் சுவரில் படம் ஓடியது. நாற்பது பேர், முன்வரிசையில் முதலாளி. சுவரில் மேற்பார்வையாளர்தான் கதாநாயகன்; உருளைமுன் நின்று விரலை ஆட்டி ஆட்டிப் புத்தி சொன்னார். படம் அழகாக வர வேண்டுமென்று தடுப்பை மாட்டித்தான் எடுத்திருந்தார்கள். வில்லனே கதாநாயகன் கையில் கத்தியைக் கொடுப்பதை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன், நம்பியதில்லை.

படம் முடியுமுன்னே எழுந்து போய்ச் சுவரருகே நின்றேன்.

"ஐயா, அந்த இரும்புத் தடுப்பு தெரியுதுங்களா? என் விரல் போன அன்னிக்கு அது அங்க இல்ல. இந்த நிமிஷமும் இல்ல. மூட்டைக்குப் பின்னால கெடக்கு. ஒரு எட்டு வந்து பாத்துடுங்க, அப்புறம் இதைப் படிக்கிறேன்."

"ஏய், போய் உக்காரு!" மேற்பார்வையாளர் படத்தை அணைக்கப் பாய்ந்தார். பொத்தான் பிடிபடவில்லை. சத்தம் மட்டும் போனது. சுவரில் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அதன்மேல் என் கையின் நிழல்.

பின்வரிசையில் அண்ணி எழுந்து நின்றாள். ஒவ்வொன்றாக நாற்காலிகள் நகர்ந்தன. முதலாளியும் எழுந்தார். வாசலுக்குப் போவதானாலும் உருளைக்குப் போவதானாலும் உணவுக்கூடத்துக்கு ஒரே கதவுதான். முதலாளி அதை நோக்கி நடந்தார்.