வசனம் தைத்த பட்டை

உயரமான கட்டிடங்களின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறார்களே, அந்த ஆட்கள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டைகளில் அவள் பைபிள் வசனம் தைத்துக் கொடுப்பாள். அந்தக் கண்ணாடி துடைக்கும் வேலையை எடுத்து நடத்துகிறவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ஆமென் முதலாளி. கயிறு கட்டினாலும் ஆமென், அவிழ்த்தாலும் ஆமென், எவனாவது தும்மினாலும் ஆமென்.

வசன யோசனையும் அவருடையதுதான். தேவதூதர்கள் உன் கால் கல்லில் இடறாமல் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று சங்கீதத்தில் வருமே, அதை வெள்ளைத் துணியில் அச்சடித்து வாங்கிவந்தார். துணியைத் தானே பசை போட்டுப் பட்டையில் ஒட்டிக் கொண்டுவருவார். அவள் சுற்றிலும் நாலு பக்கமும் மிஷினில் ஓட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு பட்டையில் தோள் பக்கம் ஒட்டியிருப்பார், இன்னொன்றில் தொடைப் பக்கம், வேறொன்றில் முதுகில். என்ன அண்ணே, ஒரே இடத்தில் ஒட்டினால் பார்க்க அழகாக இருக்குமே என்று அவள் ஒருநாள் கேட்டாள். ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு இடத்தில் காவல் வேண்டும் பாப்பா என்றார். என்ன ஒரு விசுவாசம் என்று மெய்சிலிர்த்துப் போனாள், அசடு.

அவள் புருஷனும் அண்ணனிடம்தான் வேலை பார்த்தான். சுவரில் ஏறுகிற லாவகத்தைப் பார்த்து எல்லோரும் அவனைப் பூனை என்றே கூப்பிடுவார்கள். பட்டை நைந்துவிட்டது, புதுசு வாங்குங்க மச்சான் என்று அவன் இரண்டு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அண்ணன் அவனுடைய பட்டையை வாங்கிப்போனார். மறுவாரம் அதில் வசனம் ஒட்டி அவளிடம் கொண்டுவந்தார். நைந்த இடத்தை ஆள் வைத்துச் சரிபண்ணியாகிவிட்டது, நீ வசனத்தை மட்டும் ஓட்டிக் கொடு என்றார். அவளும் புருஷனுடையதாயிற்றே என்று ஜெபம் பண்ணிக்கொண்டே இரட்டைத் தையல் போட்டாள்.

அதை மாட்டிக்கொண்டு போன ஒன்பதாம் நாள் பூனை ஐந்தாவது மாடியிலிருந்து விழுந்தான்.

இரண்டாவது மாடிக் கடைக்காரர் வெயிலுக்கு விரித்திருந்த தார்ப்பாய் அவனைப் பிடித்தது, கிழிந்தது, கீழே பூச்செடிகள் மேல் போட்டது. உயிர் தப்பிவிட்டது. இடுப்பெலும்பு மூன்று துண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை பட்டைக் கொக்கியைக் கயிற்றில் மாட்ட மறந்துவிட்டான், ஆனால் கர்த்தர் அவனை மறக்கவில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பூனைக்கு நினைவு வந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"நான் கொக்கிய மாட்டித்தான் இருந்தேன்."

"விடுங்க. மறக்கிறது மனுஷனுக்குச் சகஜம்தானே" என்றாள் அவள்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவனை விட்டுவிட்டு அண்ணன் பேச்சை நம்பினாள். அதற்காகப் பின்னால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

அவன் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சட்டையையும் பட்டையையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரியில் அவளிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பை எங்கே, கொடு, தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டார். ரத்தத்தைப் பார்த்துத் தங்கச்சி மனசு கலங்கிவிடக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நன்றி ஆராதனை. கர்த்தர் காப்பாற்றியதற்கு அவள் எழுந்து எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும் என்று அண்ணன் ஏற்பாடு. காலையில் கிளம்பும்போதுதான், சட்டைப் பையில் பூனை வைத்திருந்த வீட்டுச் சாவி இருக்குமே என்று அந்தப் பையைத் திறந்தாள். சாவி கிடைத்தது. கூடவே பட்டையும் கைக்கு வந்தது.

முதுகில், கொக்கி மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பட்டை அறுந்திருந்தது. சரியாக வசனத் துணியின் நடுவில். 'தூதர்கள்' என்பது மட்டும் மிச்சமிருந்தது, ஏந்துகிற பாதி கொக்கியோடு போய்விட்டது. கொக்கி மாட்டாமல் பட்டை எப்படி அறும்? கத்திரியை எடுத்துத் தன் தையலைத் தானே பிரித்தாள். துணிக்கு அடியில் பட்டை நைந்து, நார் நாராக இருந்தது. யாரும் எதையும் சரிபண்ணவில்லை. நைந்த இடத்தின் மேலேயே அண்ணன் வசனத்தை ஒட்டியிருந்தார்.

தோளில் ஒன்று, தொடையில் ஒன்று, முதுகில் ஒன்று. எங்கெங்கே காவல் வேண்டும் என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அடப்பாவி. கூடப்பிறந்தவளின் கையாலேயே அவள் தாலிக்குக் குழி தோண்டியிருக்கிறார். கர்த்தர் மேலும் கோபம் வந்தது. ஜெபம் பண்ணிக்கொண்டுதானே தைத்தேன், ஊசியையாவது உடைத்திருக்கக் கூடாதா என்று அவரிடமே சத்தமாகக் கேட்டாள். அழுது முடித்து, முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனாள்.

அண்ணன் மைக்கைப் பிடித்து வசனத்தை முழுசாகச் சொல்லி, ஆமென் போட்டு, தங்கச்சியைக் கூப்பிட்டார். முன்வரிசையில் கண்ணாடி துடைக்கிற ஆட்கள் ஆறு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்குக் காலையில் அவர்கள் வேறொரு கட்டிடத்தில் இறங்க வேண்டும். அவள் பட்டையை எடுத்து, அறுந்த இடம் தெரியும்படி பிரசங்க மேசை மேல் வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் கொக்கிய மாட்டித்தான் இருந்தார். பட்டைதான் அறுந்துச்சு. நைஞ்ச இடத்த வசனத்த வெச்சு மூடினது எங்க அண்ணன். தைச்சது நான்."

அண்ணன் கிட்டே வந்து, பாப்பா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம், சபையில வெச்சு அண்ணனைக் கேவலப்படுத்தாத என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சின்ன வயதில் மழை வந்தால் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடின அதே அண்ணன். அதை நினைத்துக்கொண்டேதான் அவள் கேட்டாள்.

"அண்ணே, ஞாயிறு பள்ளியில பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிற கதைதான் இது. இயேசுவ ஆலயத்து உச்சியில நிறுத்தி, கீழ குதி, தூதர்கள் ஏந்திக்குவாங்கன்னு இதே வசனத்தச் சொன்னது யாருண்ணே?"

அந்தக் கதை சபையில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். பின்வரிசையில் ஒரு பிள்ளை, சாத்தான் என்று பதில் சொன்னது. அதன் அம்மா அவசரமாக வாயைப் பொத்தினாள்.

"அந்தத் தார்ப்பாய விரிச்சு வெச்சது கர்த்தரா இருக்கலாம். அதுக்கு நான் நன்றி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

முன்வரிசையில் ஆட்களில் மூத்தவர் எழுந்து நின்றார்.

"அம்மா, என்னோடது இடது தோள்ல இருக்கு. அதையும் நீங்கதான் தைச்சீங்களா?"

"ஆமாங்க ஐயா" என்றாள். "எல்லாத்தையும் கொண்டு வாங்க. நானே பிரிச்சுத் தர்றேன்."