வாசலில் நிற்கிற குரல்

பிடரியில் தொடங்கிய வலி வலது காதுக்குப் பின்னால் வந்து முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தது. அப்பாவின் தலையைத் தூக்கித் தலையணையைச் சரிசெய்தபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, கழுத்துவலிதான். ஹெட்போன் கம்பெனியில் சோதனை வரிசையில் அவளுக்கு வேலை. ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். தலை திரும்பினாலும் குரல் திரும்பக் கூடாது, வைத்த இடத்தில் நிற்க வேண்டும். சின்ன அறை, கூடம், மண்டபம், திறந்தவெளி என்று அதில் அமைப்புகள். எதைப் போட்டாலும் ஒரு பெண் குரல் எதிரே நின்று பேசும். பொழுதுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டுகிற பிழைப்பு.

“அதான் கடன் கேட்டா முந்திக்கிட்டுத் தலையாட்டுற” என்று மாடிவீட்டு அக்கா கேலி செய்வாள்.

அந்த அக்கா இப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஜில்லுன்னு ஆயிடுச்சு. தம்பிக்குச் சொல்லிட்டியா?”

“பஸ்ல வந்துட்டிருக்கான்.”

“வந்தா உள்ள வருவானா?”

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். பக்கத்து டயர்க்கடையில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. சுவர் லேசாக அதிர்ந்தது. அப்பா கண் திறக்கவில்லை. காலையிலிருந்தே திறக்கவில்லை.

பாய்லர் பட்டறையில் தகடு அடித்த ஆள் அவர். அடித்த அடி தகட்டுக்குப் பாதி, காதுக்குப் பாதி. இடது காது செத்துப்போயிற்று. வலதில் கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்தே ஆளை எடைபோடுவார். யார் பேசினாலும் முதலில் தலையைத் திருப்பிப் பார்ப்பார். எதிரே ஆள் இருந்தால் குரல் ஏறி இறங்கும். போன் என்றால் காதோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். “ஒட்டுற குரலை நம்பாத” என்பார். சொந்தக்காரர்கள் போனில் நலம் விசாரித்தால், “ஆள் வந்தா பேசிக்கலாம்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

படுக்கையில் விழுந்த பிறகு, கம்பெனியில் கீறல் விழுந்து ஒதுக்கிய ஒரு ஹெட்போனை அவள் சல்லிசாக வாங்கி வந்து மாட்டிவிட்டாள். அறையில் பேசுவதை அது வாங்கிப் பெரிதாக்கிக் காதில் கொடுத்தது. இரண்டொரு நாளில் அது தலையில் இருப்பதையே அவர் மறந்துபோனார்.

தம்பியும் அதே பட்டறையில்தான் வேலைக்குச் சேர்ந்தான். அப்பாவுக்கு வந்த காது தனக்கும் வேண்டாம் என்று காதடைப்பான் மாட்டிக்கொண்டு வேலை செய்தான். ஒருநாள் தூக்குச் சங்கிலி அறுந்து தகடு அவன் பக்கம் இறங்கியது. அப்பா கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. மயிரிழையில் தப்பினான். பயத்தில் ஓடிவந்த அப்பா, அத்தனை பேர் முன்னால் அவனை அறைந்தார். “செவிடனுக்கு என்னடா பட்டறை வேலை” என்றார். செவிடு யார் என்று யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இரண்டு பேரையும் கெடுத்தது.

அன்று சாயந்திரம் தம்பி வாசலில் நின்று சொன்னான்: “நீயா உள்ள வாடான்னு கூப்பிடுற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

“கூப்பிட்டா என் பேர மாத்திக்கிறேன்” என்றார் அப்பா.

அதற்கப்புறம் தம்பி வருவான், மாத்திரைப் பையை வாசலில் நின்றபடியே அவளிடம் கொடுப்பான், போய்விடுவான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

போன் அடித்தது. தம்பி.

“எப்படிக்கா இருக்காரு?”

“மூச்சு மாறிடுச்சு. காதுல போட்டுவிடறேன், பேசு.”

“நான் என்னத்தப் பேச?”

“எதையாவது பேசுடா. அப்புறம் பேசணும்னாலும் முடியாது.”

கைப்பழக்கத்தில் போனைத் தட்டி அழைப்பை ஹெட்போனுக்கு மாற்றினாள்.

“அப்பா” என்றான் தம்பி. ஹெட்போனுக்கு வெளியேயும் சன்னமாகக் கேட்டது.

அப்பாவின் புருவம் அசைந்தது. தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம். பிறகு நேராக வந்து வாசலைப் பார்த்து நின்றது. பொழுதெல்லாம் அவள் செய்கிற அதே தலையாட்டல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோதனை வரிசையில் செய்கிற மாதிரியே ‘கூடம்’ அமைப்பைப் போட்டிருந்தாள். குரல் எதிரே நிற்கும். கட்டிலுக்கு எதிரே இருப்பது வாசல்.

“வாசல்ல என்னடா நிக்கிற” என்றார் அப்பா.

அவள் கட்டைவிரல் போனின் மேல் நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் குரல் காதோடு ஒட்டிவிடும். போன் என்று தெரிந்துவிடும். விரல் இறங்கவில்லை.

“உள்ள வாடா.”

நூல் மாதிரி வந்த குரல். மாடிவீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் வெகுநேரம் கேட்டது.

“செருப்பக் கழட்டிட்டு வரேம்ப்பா” என்றான் தம்பி.

“கழட்டு.” மூச்சு வாங்கினார். “பூட்ஸா போட்டிருக்க, இவ்ளோ நேரம்?”

போர்வையிலிருந்து அவர் வலது கை எழுந்து வாசல் பக்கம் நீண்டது.

அவள் ஹெட்போன் மைக்கருகே குனிந்து, “பேசிக்கிட்டே இருடா” என்றாள். போனில் தூரத்துக்கென்று ஒரு கோடு இருந்தது. அதை இழுத்தால் குரல் கிட்டே வரும். தம்பி பேசினான். “அந்தச் சங்கிலி தேஞ்சிருந்துச்சுப்பா. காலையிலேயே பாத்திருக்கணும். நான்தான் பாக்கல. நீ அடிச்சது தப்பில்ல.” அவள் விரல் கோட்டை இழுத்துக்கொண்டே போனது. நடக்கிற மாதிரி, மெல்ல. குரல் கட்டிலோரம் வந்து நின்றது.

அப்பாவின் உள்ளங்கை விரிந்தது. அதில் கை வைக்க ஆள் இல்லை.

அவள் தன் கையை வைத்தாள்.

தம்பியின் உள்ளங்கையில் கேஸ் கட்டர் சுட்ட தழும்பு உண்டு, மண்புழு தடிமனுக்கு. அப்பாதான் மருந்து வைத்துக் கட்டினார். அவர் கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் தழும்பு இருக்க வேண்டிய இடத்தைத் தடவியது. திரும்ப வந்து தடவியது. நின்றது.

கையை அவர் விடவில்லை.

“இன்னும் வாசல்லதான் நிக்கிறான்” என்றார். சற்றுப் பொறுத்து, “வரட்டும்.”

அதற்கப்புறம் பேசவில்லை. மூச்சு நீண்டு நீண்டு வந்தது. ஒன்று போனது, அடுத்தது வரவில்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

மாடிவீட்டு அக்கா மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். அவள் ஹெட்போனைக் கழற்றித் தலையணையில் வைத்தாள். அதற்குள்ளிருந்து, “அக்கா. அக்கா, கேக்குதா? அப்பாக்குக் கேட்டுச்சா?” என்று தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அழைப்பைத் துண்டிக்க அவளுக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கேட்பதை நிறுத்தினான். அவனும் துண்டிக்கவில்லை.

வெயில் சாய்ந்தபோது வந்தான். டயர்க்கடைக்காரர் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். தம்பி படிக்கு வெளியே நின்றான். இத்தனை நாளும் நின்ற அதே இடம்.

“வாடா” என்றாள்.

“கூப்பிட்டாருல்லக்கா?”

“கூப்பிட்டாரு.”

“என்னைத்தானே?”

“உன்னைத்தான்.”

அவன் குனிந்தான். செருப்பின் வாரை அவிழ்த்தான். குனிந்தவன் நிமிரவில்லை. சட்டைப்பையில் போன் இன்னும் இணைப்பில் இருந்தது. அவன் மூச்சு, கட்டிலில் அப்பாவின் வலது காதருகே கிடந்த ஹெட்போனிலிருந்து இரைந்தது.

கழட்டிட்டு வரேன் என்று அவருக்குச் சொன்னதில், உள்ளே வருவது பாக்கி.