தலைவர் எண்ணாத கைகள்

2005 ஆடி அமாவாசையன்று சங்குக்குப்பத்தில் ஓட்டுக்காகத் தூக்கிய கைகள் ஆறரை வருடம் கீழே இறங்கவில்லை. தலைவர் நடனசபாபதி அவற்றை எண்ணாமல் எழுந்து போய்விட்டதுதான் காரணம். வேறு காரணம் இருக்கும் என்று குப்பத்தில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

அவர் தலைவரான கதையே கேவலம். சுனாமி அலை வந்த நாளில் குப்பம் முழுவதும் சேற்றில் பிணம் தேடிக்கொண்டிருந்தது. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போயிருந்த நடனசபாபதி, நெற்றி நிறைய விபூதியோடு மாலையில் வந்து இறங்கினார். நிவாரணம் கொண்டுவந்த அதிகாரிகள் ஊர்த் தலைவர் யார் என்று கேட்டபோது, குப்பத்தில் உலர்ந்த வேட்டி அவருடையது ஒன்றுதான். அதைப் பார்த்தே அவரிடம் பேசினார்கள். கொஞ்ச நாளில் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு பித்தளை மணியும் கை வைத்த நாற்காலியும் வாங்கிவிட்டார். அமாவாசைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்றைக்குத்தான் புயல் காப்பகத்தில் கூட்டம். பேச எழுந்தவர்களை மணியடித்து உட்காரவைப்பார். பிடிக்காத கேள்வி வந்தால் அது இன்றைய பொருளில் இல்லை என்பார். “தலைமை தாங்குறவனுக்கு ஓட்டு கெடயாது, நான் நடுநெலை,” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். கேட்டுக் கேட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம்.

அந்த ஆடி அமாவாசைத் தீர்மானம் இதுதான்: கரையை எழுதிக் கொடுத்துவிட்டுக் குப்பம் மொத்தமும் உள்ளே தள்ளிக் கட்டப்போகும் காலனிக்குப் போய்விடுவது. ஒருமனதாக முடித்துத் தருகிறேன் என்று அதிகாரிகளிடம் அவர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். குப்பத்தில் ஒருவரையும் கேட்கவில்லை. ஆதரிப்பவர்கள் என்றதும் அவர் மச்சான் கலியமூர்த்தியும் இன்னும் இரண்டு பேரும் கை தூக்கினார்கள். எண்ணினார், இறக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்றதும் முதலில் குப்பு தூக்கினாள். புருஷன் பூவரசனை அலைக்குக் கொடுத்தவள், இடுப்பில் கைக்குழந்தை வித்யா. “கடல வுட்டுட்டு எங்க போயி பொழைக்கிறது மாமா?” என்றாள். அவளுக்குப் பின்னால் கூடம் முழுவதும் கை எழுந்தது. நடனசபாபதி ஒருமுறை பார்த்தார், மணியடித்தார், கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கைகள் அப்படியே நின்றன. டவுன் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். திருவந்திபுரம் போய் மொட்டை போட்டுப் பார்த்தார்கள். ரோட்டில் இவர்கள் நடந்தால் சவாரி என்று நினைத்து ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்தி அலுத்துப்போனார்கள். ஆண்கள் ஒற்றைக் கையால் வலை இழுத்தார்கள். தீர்மானம் ஜெயிக்கவும் இல்லை தோற்கவும் இல்லை என்பதால் புது வீடு எங்கும் எழும்பவில்லை, குப்பம் தகரக் கொட்டகையிலேயே கிடந்தது. குப்புவுக்கு இதெல்லாம் பெரிதில்லை. தலையில் மீன்கூடையைப் பிடித்துக்கொள்ள அந்தக் கை தோதாகக்கூட இருந்தது. வித்யாவுக்கு முடி வளர்ந்ததுதான் சங்கடம். ஒற்றைக் கையால் சடை பின்ன முடியாது. அக்கம்பக்கத்தில் இரண்டு கை உள்ள பெண்ணும் இல்லை. பிள்ளை பரட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தது.

“எண்ணிடுங்க மாமா, புள்ளைக்கித் தல பின்னணும்,” என்று அமாவாசை தவறாமல் போய் நிற்பாள் குப்பு.

“பரிசீலனையில இருக்கு,” என்பார்.

எண்ணினால் தோற்றது வெளியே தெரிந்துவிடும். தன் ஒருத்தர் மானத்தைக் காப்பாற்ற ஒரு ஊரையே கைதூக்கி நிற்கவைத்த மனுஷன், அதற்கு நடுநிலை என்று பேர் வேறு வைத்துக்கொண்டார்.

2011 கடைசியில் ‘தானே’ என்று பேர் வைத்த புயல் வந்தது. நடனசபாபதி காப்பகத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காற்றைப் பார்த்து மணியடித்தார். காற்று அவர் தலைமையை ஏற்கவில்லை. நாற்காலியோடு தூக்கிப்போய்ச் சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை. பஸ் புறப்படும்போதெல்லாம் மணியடித்து ஒத்திவைக்கிறார் என்று அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் சொன்னார்கள். பஸ்கள் நேரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

தை அமாவாசைக்குக் குப்பம் கூடியது. யாராவது தலைமை தாங்கி எண்ண வேண்டும். ஆதரித்த மூவரை நம்ப ஆளில்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தலைமை தாங்குகிறவருக்கு ஓட்டு கிடையாது, எண்ணாத கை இறங்காது. இரண்டும் எல்லோருக்கும் தெரியும். குப்பு வித்யாவின் பரட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மொதல்ல தூக்குனவ நான்தான, நானே எண்ணுறேன்,” என்று முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவள் எண்ண எண்ண ஒவ்வொரு கையாக இறங்கியது. கிழவர்கள் தங்கள் கையைத் தாங்களே தடவிக்கொண்டு அழுதார்கள். கடைசியில் அவள் கை ஒன்றுதான் மேலே நின்றது.

“ஒன்னுதையும் சேத்துக்க அக்கா, யாரு கேக்கப்போறா?” என்றான் கலியமூர்த்தி. கூடமும் தலையாட்டியது.

“சேத்துக்கிட்டா ஒன் மச்சானுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?” என்றாள் குப்பு. பிறகு, “தீர்மானம் தோத்துப்போச்சு,” என்று அறிவித்தாள்.

மறுநாள் காலையில் பக்கத்துக் கொட்டகை பட்டம்மாள் வந்து, இரண்டு கையாலும் வித்யாவுக்கு இழுத்துப் பிடித்து ரெட்டைச் சடை போட்டாள். குப்பு பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். அவள் கை இன்னும் மேலேதான் இருக்கிறது. வித்யா பள்ளிக்கூடம் விட்டு வந்து ரிப்பனைத் துவைத்து அம்மாவின் விரல்களில் காயப்போடுகிறாள். கடல் காற்றுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும்.